அறைக்குள் பெய்த பனி

2019ஆம் ஆண்டு, பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். செர்பியா, மொராவா ஆற்றங்கரையில் உள்ள ப்ரிஸோயே கிராமத்துச் சுகாதார நிலையம். மரப்பட்டறைத் தொழிலாளி ராடிஷா, வயது ஐம்பத்தெட்டு, இறந்தான். காரணம், மெத்தனால்... முதலில் கண்ணையும், பிறகு ஆளையும் அணைத்துவிடும் விஷச் சாராயம்.

அதே நேரத்தில் அவனுடைய வீட்டில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி மிலுன்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எடுக்கவில்லை!

ராடிஷா ஒரு காலத்தில் ஊரறிந்த குடிகாரன். நான்கு வருடங்களாக ஒரு சொட்டும் தொடாதவன். ஊர் அப்படித்தான் நம்பியது... அன்று காலை வரை.

செவ்வாய்க்கிழமை சவப்பெட்டி வீடு திரும்பியபோது, இன்ஸ்பெக்டர் கொஸாராவும் வந்து சேர்ந்தாள். தலைமாட்டில் நட்டிருந்த மெழுகுவர்த்தியை முதலில் கவனித்தாள். திரி வெள்ளையாக இருந்தது. ஏற்றப்படவே இல்லை.

பசியோடு சாகலாம், பகையோடு சாகலாம்... மெழுகுவர்த்தி இல்லாமல் ஒருவன் மண்ணுக்குள் போவது அந்த ஊரில் நடக்காத காரியம். வந்திருந்த பெண்கள் திரியையும் மிலுன்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, ஏத்தலையா?"

"ஏத்த மாட்டேன், மேடம்." மிலுன்காவின் குரலில் ஈரமே இல்லை. "இன்னொரு சொட்டு குடிச்சா உன் பொணத்துக்கு விளக்கு கிடையாதுன்னு சொல்லித்தான் இவரை வீட்டுக்குள்ள விட்டேன். சரின்னாரு. அவரு வாக்கை அவரு மீறிட்டாரு. என் வாக்கை நான் மீற மாட்டேன்."

"நாளைக்கு அடக்கமாச்சே..."

"இருட்டுலயே போகட்டும்."

பிறகு வேலிக்கு அப்பால் விரலை நீட்டினாள். ப்ளம் பழத்தில் ராக்கியா என்னும் சாராயம் காய்ச்சும் க்வோஸ்தென், ராடிஷாவின் பழைய குடித்தோழன். அவன்தான் ஊற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்றாள்.

க்வோஸ்தெனின் செம்புக் கொப்பரையும் பாட்டில்களும் ஆய்வுக்குப் போயின. மறுநாள் காலையிலேயே முடிவு வந்தது... சுத்தம். அவனோ, விசாரித்ததைவிடச் சரக்கைச் சந்தேகித்ததற்காகவே அதிகம் நொந்து போயிருந்தான்.

"என் சரக்கைக் குடிச்சுச் செத்தவன் எவனும் இல்ல, மேடம். புத்தி கெட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவ்வளவுதான்." தொப்பியைக் கழற்றிப் பிசைந்தான். "அவனுக்கு வருஷா வருஷம் பண்டிகைக்கு கிளாஸை நீட்டுவேன். வாங்கிக் கவுத்து வெச்சிடுவான். காப்பி போடுடா, கழுதைன்னுவான்."

கொஸாரா சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

டாக்டர் ஓக்னென் இளைஞன். நான்கு இரவுகளாகத் தூங்காத முகம். கேட்பதற்கு முன்பே கொட்டினான். சனிக்கிழமை இரவு மிலுன்காதான் ராடிஷாவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாளாம். காய்ச்சல், வாந்தி, தள்ளாட்டம், உடம்பெல்லாம் ஸ்பிரிட் வாடை.

"பேரைக் கேட்டதுமே முடிவு பண்ணிட்டேன், மேடம். குடிச்சிருக்கான், ஓரமாப் படுக்கட்டும்னு பெஞ்சைக் காட்டினேன். அந்தம்மா முகம் அப்படியே செத்துப் போச்சு. அவரை அங்கேயே விட்டுட்டு திரும்பி நடந்துட்டாங்க."

"அப்புறம்?"

"விடியறதுக்கு முன்னாடி அவரு கேட்டாரு... 'அறைக்குள்ள ஏன் பனி பெய்யுது, டாக்டர் தம்பி?'"

மெத்தனால் கண்ணைத் தின்னும்போது பார்வை அப்படித்தான் வெளுக்கும். ஓக்னெனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த விஷத்துக்கு நல்ல சாராயமே முறிவு. உடம்பு அதை முதலில் கரைக்கப் போகும், விஷம் அதுவரை காத்திருக்கும். ஊசி மருந்து கையிருப்பில் இல்லை. நகரத்து ஆம்புலன்ஸ் பனிச் சரிவில் சிக்கிக்கொண்டது. மேஜைக்குள் இருந்த ராக்கியாவை அவன் கிளாஸில் ஊற்றினான்.

ராடிஷா பல்லைக் கடித்துக்கொண்டான்!

"மருந்துன்னு சொன்னேன், மேடம். சிரிச்சாரு. 'எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்'னாரு. கெஞ்சினேன். மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன், துப்பிட்டாரு. கடைசில..." ஓக்னென் மேஜைத் தொலைபேசியைப் பார்த்தான். "'மிலுன்கா வந்து குடின்னு சொல்லட்டும், குடிக்கிறேன்'னாரு. போன் மேல போன் பண்ணினேன். அவங்க எடுக்கவே இல்ல."

கொஸாரா குறிப்பேட்டை மூடினாள்.

காப்பாற்றுகிற சாராயத்தையே துப்பியவன், கொல்லுகிற சாராயத்தை எப்படிக் குடித்திருப்பான்?

குடிக்கவில்லை. அப்படியானால் விஷம் எந்த வழியாக உள்ளே போனது?

மீண்டும் ராடிஷாவின் வீடு. இந்த முறை படுக்கையறை. ஜன்னல் இடுக்குகளில் கம்பளித் துண்டுகள் இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தன. அடுப்புக் கம்பியில் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறைகள் தொங்கின.

கொஸாரா அவற்றை எடுத்து முகர்ந்தாள். ப்ளம் வாசனை இல்லை. பழ வாசனையே இல்லை. வெறும் ஸ்பிரிட் நெடி.

"இது காய்ச்சலுக்குப் போட்டதா?"

"ஆமா, மேடம். எல்லார் வீட்டுலயும் செய்யறதுதானே. உங்க வீட்டுல செய்ய மாட்டாங்களா?"

செய்வார்கள். ராக்கியாவில் நனைத்த காலுறையோடுதான் கொஸாராவின் காய்ச்சல்களும் இறங்கின. தண்ணீர் குடித்ததை யார் வாக்குமூலத்தில் சொல்வார்கள்? அதைப் போலத்தான் இதையும் ஒருவரும் சொல்லவில்லை.

"எதுல நனைச்சே, மிலுன்கா?"

"வீட்டுல இருந்த ராக்கியாவையெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்னாடியே கொட்டிட்டேன். க்வோஸ்தென் வாசப்படியை மிதிக்க மாட்டேன். சந்தையில ஒருத்தன், உடம்புக்குத் தேய்க்கிற ஸ்பிரிட்னு பேரில்லாத பாட்டில்ல வித்தான். மலிவா இருந்தது."

"காலுக்கு மட்டும்தானா?"

"துப்பட்டியையும் நனைச்சு, கழுத்துலேருந்து கால் வரைக்கும் சுத்தினேன். காய்ச்சல் அடிச்ச மூணு ராத்திரியும். காய காய ஊத்தினேன். எனக்கே தலை கனத்தது... குளிர்னு நினைச்சேன்."

"ஜன்னலைத் திறக்கவே இல்லையா?"

"காத்து பட்டா செத்துடுவாரே, மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவளுக்கே கேட்டது.

தோலின் வழியாக... மூச்சின் வழியாக... மூன்று இரவுகள்! கார் கண்ணாடி துடைக்கும் மெத்தனால் திரவம் அது என்பது பின்னால் ஆய்வில் தெரிந்தது.

மிலுன்கா வெடித்திருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடி, அறைக்குள்ள பனி பெய்யுதுன்னு என்கிட்ட சொன்னாரு. குடிகார நாயேன்னு கன்னத்துல அறைஞ்சேன்."

அடுப்பில் விறகு முறிந்தது.

"அப்போ... அவரு குடிக்கலையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. பொழைக்க வைக்கிற மருந்துன்னு டாக்டர் கெஞ்சின கிளாஸையும் துப்பிட்டாரு. உனக்குக் குடுத்த வாக்காம்."

"போன் அடிச்சுதே, மேடம்... எதுக்கு அடிச்சாங்க?"

பொய்ச் சாட்சிகளை உள்ளே தள்ளித் தள்ளியே தலை நரைத்தவள் கொஸாரா.

"எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம், தகவல் சொல்லத்தான்," என்றாள்.

மிலுன்கா முன்னறைக்கு நடந்தாள். முதல் தீக்குச்சி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதைக் கொஸாரா பிடித்துக் கொடுக்க, திரி எரிந்தது. "வெளிச்சம் தெரியுதாய்யா?" என்று கேட்டுவிட்டு, சவப்பெட்டியின் விளிம்பிலேயே அவள் சாய்ந்தாள்.

முடிவானவை இவை. சந்தை வியாபாரி கைதானான். மீதிப் பாட்டில்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அறியாமல் செய்த காரியம் என்று மிலுன்காவின் மேல் வழக்குத் தொடுக்க அரசு வக்கீல் மறுத்தார். முறிவு மருந்து சுகாதார நிலையத்தில் எப்போதும் கையிருப்பில் இருக்கும். வருபவன் எவ்வளவு பேர் கெட்ட குடிகாரனாக இருந்தாலும், முதலில் இரத்தம் சோதிக்கப்படும், பெஞ்சு பிறகுதான். ஓக்னெனே அதை எழுதி, பெஞ்சுக்கு மேலே ஒட்டினான். தொலைபேசி அழைப்புகளின் நேரம் கொஸாராவின் அறிக்கையில் இடம்பெறவில்லை.

அடக்கம் புதன்கிழமை மாலை நடந்தது. புதுமண்ணின் மேல் ராக்கியா ஊற்றுவது வழக்கம். க்வோஸ்தென் பாட்டிலோடு முன்னால் வந்தான். கூட்டம் மிலுன்காவைப் பார்த்தது.

அவன் மூடியைத் திறந்தான். ஆவி பறந்தது.

காப்பி!

"என்னய்யா இது?" என்றாள் கொஸாரா.

அவன் மூக்கை உறிஞ்சினான். "ராக்கியாவை ஊத்தினா, எந்திரிச்சு வந்து என் மேலயே துப்புவான், மேடம்."