கோட்டை வாசலில் ஆறாவது ஆள்

கிழவர் தட்டியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே பட்டப்பகல். உள்ளே கண் பழகவே நேரம் பிடித்தது. திரைச்சீலைகளை இழுத்து மூடி ஊசி குத்தி வைத்திருந்தான் மாப்பிள்ளை. சூடேறிய கம்பியின் வாடை. அதற்கடியில், மகள் நெற்றியில் பூசிக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

அவள் செத்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. தைலம் இன்னும் மணக்குமா?

கிழவர் வந்தது அவள் சாமான்களை எடுத்துப் போக. ஆயுசு முழுக்கத் தகரப் பட்டறையில் சுத்தியல் அடித்தவர். வலது காது அங்கேயே செத்துப்போயிற்று. மிச்சமிருந்த இடது காதும் மாப்பிள்ளை பேச்சை நம்பியதில்லை.

"வாங்க மாமா."

"என்ன மாப்ள, பட்டப்பகல்ல பொணங்காக்குற மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவன் கம்ப்யூட்டரையே பார்த்தான். திரையில் கட்டைவிரல் உயரத்தில் ஆறு பேர் கத்தியும் கம்புமாக ஒரு கோட்டை வாசலில் நின்றார்கள். பழைய காலத்து விளையாட்டு. கூட்டம் சேர்த்துக்கொண்டு குகை குகையாகப் போய்ப் பூதங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் இதைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். கிழவருக்கு அதிலேயே பாதி வயிற்றெரிச்சல்.

ஓரத்தில் ஆறு முகங்கள். கடைசி முகம் மகளுடையது.

"எம் பொண்ணு படத்த எதுக்குய்யா இதுல ஒட்டி வெச்சிருக்க?"

"அவளே வெச்சதுதான் மாமா. இந்த ஆட்டத்துல நாமளாவே புது ஆள் செஞ்சு சேக்கலாம். மோட்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி வெளிச்சத்தம் விழாம போர்வைய மூடிக்கிட்டு, அவ குரலயே பதிஞ்சு வெச்சா. ஆளுங்கள நகத்தாம சும்மா விட்டா பேசுவா. கேளுங்க."

இருவரும் சும்மா இருந்தார்கள்.

"ஏன் நின்னுட்டீங்க? போலாமா?"

கிழவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவளேதான். வாக்கியம் முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவதுகூட அப்படியே.

"போலாமான்னு கேக்குறாளே. கூட்டிட்டுப் போயேன்!"

"அந்த வாசலத் தாண்டினா, போய்ட்டு வரேன்னுட்டு கூட்டத்த விட்டுப் போயிடுவா. அப்படித்தான் எழுதி வெச்சிருக்கா. சேமிச்சு வெச்ச எடத்துக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். ஆனா அவ போறத ஒரு தடவ பாத்தாச்சு மாமா. இன்னொரு தடவ என்னால ஆகாது."

முதன்முறையாகக் கிழவருக்கு அவன்மேல் இரக்கம் வரப்பார்த்தது.

அப்போது ஒலிபெருக்கி மெல்லக் கரகரத்தது.

"அப்பா. கால் வலிக்குது."

மாப்பிள்ளை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"இது..." கிசுகிசுத்தான். "இத அவ பதியல மாமா."

"யார்கிட்ட கத விடுற?"

"அப்பா. ரொம்ப நேரமா நிக்கிறேன்."

தைல வாசனை நெடியாக ஏறியது.

பித்தலாட்டமோ, நிஜமோ. பெண் கால் கடுக்க நிற்கிறாள் என்பது மட்டுமே கிழவருக்குப் புரிந்தது. "நிக்க வெச்சே சாகடிக்கிறியேய்யா!" என்று மவுஸைப் பிடுங்கி, கோட்டை வாசலின்மேல் அழுத்தினார்.

"மாமா, வேணாம்!"

வாசல் திறந்தது. ஐந்து பேர் உள்ளே போனார்கள்.

அவள் போகவில்லை. விடைபெறவும் இல்லை. திரும்பினாள். திரையின் வலது ஓரத்தை நோக்கி நடந்தாள். கிழவர் நின்றிருந்த பக்கம்.

ஓரம் வந்தது.

அவள் நிற்கவில்லை.

மாப்பிள்ளை, சேமித்து வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். கோட்டை வாசல். அதற்கு முந்தைய குகை. விளையாட்டு தொடங்கிய சத்திரம். எங்கும் ஐந்தே பேர். ஆறாவது முகம் இருந்த கட்டம் வெறும் கறுப்பு.

"இருந்த ஒண்ணையும் எடுத்துட்டீங்களே மாமா" என்று மேஜையில் தலை கவிழ்த்து அழுதான். அவன் தோளில் கை வைக்கப் போன கிழவர், எந்த முகத்தோடு வைப்பது என்று கையை இழுத்துக்கொண்டார். சாமான் எதையும் எடுக்காமல் படியிறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கால் ஓய்ந்து, தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

வலது கன்னத்தில் சில்லென்று மூச்சு பட்டது. தைல வாசனை.

பட்டறையில் செத்துப்போன அந்தக் காதுக்குள், துல்லியமாக:

"ஏன் நின்னுட்டீங்க? போலாமா?"

பஸ் வந்து நின்றது. "பெரியவரே, ஏறலையா?" என்று கத்தினார் கண்டக்டர்.

நகர்ந்தால் அவள் பேசமாட்டாள்.

பஸ் போயிற்று. கிழவர் இமைகூடக் கொட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா. கால் வலிக்குது."