மிஸ் வராத வாரம்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மார்னியும் அவள் தம்பி கிளெமும் பையை மாட்டிக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை சுற்றினார்கள். தொட்டி நிழலில் படுத்திருந்த பிஸ்கட் என்ற நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பிறகு இருவரும் வீட்டின் பின்பக்கமாகப் பள்ளி அறைக்குள் நுழைந்தார்கள்.

சமையலறைக்கும் பள்ளி அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் நடந்துதான் போகவேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம்.

அவர்கள் இருந்த மாட்டுப் பண்ணையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகவே எண்பது கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது? பாடமெல்லாம் நகரத்திலிருந்து பொட்டலமாக வரும். வெள்ளிக்கிழமைதோறும் தபால் விமானம் புதுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, முடித்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகும். சொல்லிக் கொடுப்பவர் அம்மா.

அம்மா என்று சொல்வதுகூடத் தப்பு. பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி வருவதற்குள் அவர் நடுக்கதவு வழியாக உள்ளே வந்து, ஏப்ரனைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். அந்த நொடியிலிருந்து அவர் மிஸ்.

"மிஸ், எங்க அம்மா கஞ்சியில சர்க்கரையே போடல" என்று கிளெம் புகார் சொல்வான்.

"அப்படியா சேதி? உங்க அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டுட வேண்டியதுதான்" என்று மிஸ் நிஜமாகவே எழுதிக் கொடுப்பார்.

மத்தியானம் கிளெம் அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் அம்மாவிடம் நீட்டுவான். அம்மா அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் படிப்பார். "அடேயப்பா! உங்க மிஸ் ரொம்பப் பொல்லாதவங்களா இருப்பாங்க போலிருக்கே!" என்பார். மார்னி சிரிப்பை அடக்க முடியாமல் ரொட்டியை வாயில் திணித்துக்கொள்வாள்.

அதெல்லாம் போன மாதம் வரைக்கும். காய்ச்சல் என்று படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் கூலிபா என்ற தைல மரத்தின் அடியில் அவரைப் புதைத்து இருபத்தாறு நாளாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் அப்பா மார்னியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நான் மாட்டைப் பார்க்கறதா, உங்களுக்குப் பாடம் சொல்லித் தரதா? ரெண்டும் என்னால முடியாதும்மா. உன்னை டவுன்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன். கிளெம் சின்னவன். அவன் அடிலெய்டுல அத்தைகிட்ட இருக்கட்டும்."

மார்னி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாதான் போய்விட்டார். தம்பியும் போவதா?

"கிளெமுக்கு நான் சொல்லித் தரேம்ப்பா. என் பாடத்தை நானே பார்த்துக்கறேன்."

"உனக்கே பதினோரு வயசு."

"ஒரே ஒரு வாரம் குடுங்க. வெள்ளிக்கிழமை விமானம் வர்றப்ப ரெண்டு பொட்டலமும் முடிஞ்சிருக்கும்."

"முடியலேன்னா?"

"முடியலேன்னா நீங்க சொல்றபடி போறோம்."

அப்பா அத்தைக்கு எழுதிய கடிதத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை ஒன்று பொட்டலங்கள் போகும், இல்லாவிட்டால் அந்தக் கடிதம் போகும்.

இப்போது கிளெம் தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். ஆறு வயதுக்கு அந்த மேஜை சரியான உயரம்தான். ஒரு கால் மட்டும் குட்டை. தொட்டாலே ஆடும்.

"புத்தகத்தை எடு. முதல் பக்கம்" என்றாள் மார்னி.

"மிஸ் வரட்டும்."

மார்னி தானே புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "மிஸ் இல்ல. நான்தான் சொல்லித் தரப்போறேன்."

"உனக்கே பின்னக் கணக்கு வராது" என்றான் கிளெம்.

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. திங்கட்கிழமை முழுவதும் கிளெம் பென்சிலைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மார்னி கெஞ்சினாள். ஜாம் தடவிய ரொட்டி தருவதாக ஆசை காட்டினாள். கிளெம் ரொட்டியைச் சாப்பிட்டான், ஜாமை நக்கினான், பென்சிலை மட்டும் தொடவில்லை. ஆணி அடித்தமாதிரி உட்கார்ந்து நடுக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தகரக் கூரை வெயிலில் சடசடத்தால்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எத்தனை பக்கம் ஆச்சு?" என்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்.

"ஆகிட்டிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு மார்னி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பொய் சொன்ன வாய்க்குச் சோளம் இறங்கவில்லை.

புதன்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"கிளெம்! நீ எழுதலேன்னா அப்பா உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னை எங்கேயோ ஹாஸ்டல்ல விட்டுடுவாரு. அதுதான் வேணுமா உனக்கு?"

கிளெம் வேகமாகத் தலையாட்டினான். "வேணாம்."

"அப்ப எழுதித் தொலை!"

"மிஸ் வந்ததும் எழுதறேன். நிஜமா எழுதுவேன்."

"கிளெம், அம்மா செத்துட்டாங்கடா!"

"தெரியும். நான் ஒண்ணும் பாப்பா இல்ல" என்றான் கிளெம். "அம்மாவைப் பெட்டியில வெச்சப்ப நான் பார்த்தேன். அம்மா கண்ணாடியே போட்டுக்கல. மிஸ்ஸோட கண்ணாடி இதோ இருக்கு பாரு."

ஆணியில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ் செத்துட்டாங்கன்னு யாருமே சொல்லலையே" என்றான் அவன். பிறகு மார்னிக்குப் புரியவில்லையோ என்று மெதுவாக விளக்கினான். "முன்னெல்லாம் அம்மாவுக்கு வேலை ஜாஸ்தியா இருந்தா மிஸ் லீவு போட்டுடுவாங்க, ஞாபகம் இருக்கா? இப்பதான் அம்மாவுக்கு வேலையே இல்லையே. மிஸ் தினமும் வரலாம். நாள் பூரா இருக்கலாம்."

மார்னி வெளியே ஓடினாள். தொட்டிக்குப் பின்னால் போய், பிஸ்கட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா போனபோது அவள் அழுதாள், அப்பாகூட அழுதார். கிளெம் மட்டும் அழவே இல்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. அவனுக்கு இன்னும் பாதி அம்மா மிச்சம் இருந்தார்.

அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பாதியும் போய்விடும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

வியாழக்கிழமை காலை கிளெம் தொட்டியைச் சுற்றி வந்தபோது மார்னி பள்ளி அறைக்குள் முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அம்மாவின் கண்ணாடியை மாட்டியிருந்தாள். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. வாசலில் நின்ற தம்பியின் முகம்கூடத் தெரியவில்லை.

அவன் பையைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"காலை வணக்கம், மிஸ்" என்றான் கிளெம்.

அவன் நம்பினானா, நம்புவதுபோல் விளையாடினானா என்று மார்னிக்குத் தெரியவில்லை. ஆனால் பென்சிலை எடுத்துவிட்டான். மேஜை ஆட ஆட எழுதினான். கூட்டல் போட்டான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஆறு கால் வரைந்து, எண்ணிப் பார்த்து, இரண்டை அழித்தான். மத்தியானத்துக்குள் பதினொரு பக்கம் முடிந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் நாளைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மார்னிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது.

மணி பன்னிரண்டானதும் கிளெம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"மிஸ், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நான் பதினொரு பக்கம் எழுதினேன்னு. அம்மா சந்தோஷப்படுவாங்க."

மார்னி பேனாவை எடுத்தாள். 'அன்புள்ள' என்று எழுதினாள். அதற்குமேல் கை ஓடவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கிளெம் சமையலறையில் யாரிடம் போய் நீட்டுவான்?

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கிளெம், நான் மிஸ் இல்ல. மார்னி."

"தெரியும்" என்றான் அவன், ரொம்ப மெல்லிய குரலில். "மிஸ் எங்க?"

"அம்மாதான் மிஸ். நாம தொட்டியைச் சுத்தி வர்றதுக்குள்ள அம்மா அந்தக் கதவு வழியா ஓடிவந்து கண்ணாடியை மாட்டிப்பாங்க. கடிதத்தை எழுதினதும் அம்மாதான், படிச்சதும் அம்மாதான். அம்மா போனப்ப மிஸ்ஸும் கூடவே போயிட்டாங்கடா."

கிளெம் கண்ணாடியைப் பார்த்தான். நடுக்கதவைப் பார்த்தான். பிறகு அழ ஆரம்பித்தான். இருபத்தொன்பது நாளாக அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. மார்னி அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கஞ்சி குடித்ததும் கிளெம் பையை மாட்டிக்கொண்டான். தனியாகத் தொட்டியைச் சுற்றினான். பள்ளி அறை வாசலில் வந்து நின்றான். அவன் கண் வீங்கியிருந்தது.

"காலை வணக்கம், மார்னி" என்றான்.

நாலு பக்கம் எழுதுவதற்குள் தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது. அப்பா தபால் பையோடு உள்ளே வந்தார். அம்மா போன பிறகு அவர் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

"முடிஞ்சுதா?"

"முடியலப்பா" என்றாள் மார்னி. "கிளெமுது பாதிக்குமேல பாக்கி. நீங்க அந்தக் கடிதத்தையே குடுத்துடுங்க."

அப்பாவின் சட்டைப் பையில் கடிதம் தயாராக இருந்தது. அவர் கிளெமின் பொட்டலத்தைப் புரட்டினார். கடைசித் தாளில், வீட்டில் சொல்லிக் கொடுப்பவர் எழுதவேண்டிய கட்டத்தில், மார்னியின் கையெழுத்து இருந்தது.

'திங்கள், செவ்வாய், புதன்: கிளெம் எழுதவில்லை. மிஸ்ஸுக்காகக் காத்திருந்தான். வியாழன்: பதினொரு பக்கம். நான் மிஸ் வேஷம் போட்டு ஏமாற்றினேன். அதனால் அதற்கு மதிப்பெண் வேண்டாம். பிறகு உண்மையைச் சொன்னேன். அவன் அழுதான். நானும் அழுதேன். வெள்ளி: நாலு பக்கம், அவனே எழுதியது. என் பின்னக் கணக்கெல்லாம் தப்பாக இருக்கும். மன்னிக்கவும்.'

அப்பா கிளெமின் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முழங்கை பட்டு மேஜை ஆடியது. விமானம் தலைக்குமேல் ஒரு வட்டம் அடித்தது.

"இந்த மேஜைக் காலைச் சரிபண்ணச் சொல்லி உங்க மிஸ் எனக்கு மூணு கடிதம் எழுதினாங்க" என்றார் அப்பா. "நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

அவர் குரல் உடைந்துவிட்டது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்த அத்தை கடிதத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து அதை மேஜையின் குட்டைக் காலுக்குக் கீழே செருகினார்.

"அப்பா, அது அத்தைக்கு..."

"அத்தைக்கு வேற எழுதிக்கலாம். பின்னக் கணக்கு எனக்கு வரும் மார்னி. தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் நான் சொல்லித் தரேன். உங்க அம்மா அளவுக்கு வராது. ஏதோ வரும்."

பாதி வெறுமையாக இருந்த பொட்டலத்தையும் தப்புக் கணக்குப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு அவர் விமானம் இறங்கும் இடத்துக்கு ஓடினார்.

கிளெம் இரண்டு கையாலும் மேஜையை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தான். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தான்.

"என்ன எழுதற?" என்றாள் மார்னி.

"மேஜை இப்ப ஆடலேன்னு மிஸ்ஸுக்கு எழுதறேன். அப்பா அழுதார்னு அம்மாவுக்கு எழுதறேன்."

"ரெண்டு பேருக்குமா? ஒரே தாள்தானே வெச்சிருக்க?"

"ஒரு தாள் போதும்" என்றான் கிளெம், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு. "ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம்தானே."

எழுதி முடித்ததும் இருவரும் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கூலிபா மரத்துக்கு நடந்தார்கள். பிஸ்கட்டும் எழுந்து பின்னாலேயே போனது.