அவசரமாய்ச் சொட்டிய டிரிப்ஸ்

"எங்கப்பாவை அடிக்கிறா சார்! உங்க கண்ணாலேயே பாருங்க!" என்று துப்பறிவாளரிடம் கைப்பேசியை நீட்டினார் கடைக்காரர்.

படுக்கையில் கிடக்கும் அப்பாவின் அறைக் கேமராப் பதிவு. யாரோ தெரியாத எண்ணிலிருந்து வந்ததாம். சத்தமே இல்லாத ஒரு நிமிடப் படம். அதில் நர்ஸம்மா பெரியவரின் முதுகில் மொத்து மொத்தென்று மொத்தினாள்.

துப்பறிவாளரின் உதவியாளனுக்கு ரத்தம் கொதித்தது. எதிலும் முந்திக்கொள்வதால் 'அவசரம்' என்ற பட்டப்பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. "இதுல துப்பறிய என்னங்க இருக்கு? உள்ள தள்ளிட வேண்டியதுதான்!"

துப்பறிவாளர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அங்கே நர்ஸம்மா அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். போலீசுக்குப் போனால் பாவம், இனி யார் அவளுக்கு வேலை கொடுப்பார்கள்? "புரையேறிச்சுங்க, தட்டிக்கொடுத்தேன்" என்று சொன்னதையே சொன்னாள்.

"என்னமா நடிக்கிறா!" என்று சீறினாள் கடைக்காரரின் தங்கை. வெளியூரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுபவள், அன்றுதான் வந்திருந்தாள். "அண்ணன் அனுப்பின படத்தை நானும் பார்த்தேனே! அடிக்கிறதையும் அடிச்சுட்டு, 'அப்பா'ன்னு கொஞ்சல் வேற!"

"கேமராவை யார் யார் பார்க்க முடியும்?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"நானும் தங்கச்சியும்தான். ஆனா அந்த அசல் பதிவு இப்போ அதுல இல்லீங்க" என்றார் கடைக்காரர். அவசரத்தின் சந்தேகம் ஒரே தாவாக அவர்மேல் தாவியது.

"ஓரத்துல தொங்குற டிரிப்ஸைப் பாருடா" என்று படத்தை ஓடவிட்டார் துப்பறிவாளர். முதலில் நிதானமாகச் சொட்டியது. அடி விழும்போது மடமடவென்று கொட்டியது. பிறகு ஆடி அசைந்து இறங்கியது.

"கோபம் வந்தா மனுஷன் கை வேகமாகும். சொட்டுக்கு என்னடா கோபம்? தட்டிக்கொடுக்கிற இடத்தை மட்டும் வேகமா ஓடவிட்டிருக்காங்க. படம் நீளம் குறைஞ்சுடுமில்ல? கேமரா எப்பவும் ஒரு நிமிஷத் துண்டாத்தான் சேமிக்கும். அதனால கடைசிப் பகுதியை மெதுவாக்கி இழுத்து நிரப்பிட்டாங்க. குரல் கீச்சுன்னு காட்டிக்கொடுக்கும்னு சத்தத்தையும் எடுத்தாச்சு."

அவர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "பெரியவரை எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

"ஐயான்னுதாங்க. அன்னைக்குப் புரையேறினப்போ, பதற்றத்துல ஒரே ஒரு தடவை 'அப்பா'ன்னு வாயில வந்துடுச்சு."

துப்பறிவாளர் தங்கையைப் பார்த்தார். "சத்தமே இல்லாத படத்துல அது உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கேட்டுச்சு?"

அடப்பாவி, இவளா! அவசரத்தின் சந்தேகம் அண்ணனை விட்டுத் தங்கைமேல் தாவியது. கடைக்காரர் தங்கையையே வெறித்தார்.

அவள் உடைந்து அழுதாள். "இவ 'அப்பா'ன்னதும் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாருண்ணா. நான் கூப்பிட்டா, யாரும்மா நீன்னு கேக்குறார். என்னால தாங்க முடியலண்ணா."

உள்ளே பெரியவர் இருமினார். தங்கை பதறி எழுந்து கதவுவரை போனாள். அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள் நர்ஸம்மாவிடம். "உங்களைத்தான் தேடுவார்."