மவுண்ட் ரோஸ்கில்லின் மாற்று டெலிகேட்

"ஐயோ... ஆராவது ஓடி வாங்கோ! அண்ணை எழும்புறாரில்லை!"

சனிக்கிழமை காலை ஒன்பதரை. மாநாட்டு மண்டபத்தின் கார் பார்க்கையே உலுக்கியது அந்த அலறல்.

அலறியவள் ரதிதேவி. காருக்குள் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தவர் நரேந்திரன். கட்சியின் மவுண்ட் ரோஸ்கில் கிளை டெலிகேட்.

செத்துப் போயிருந்தார்!

பத்து மணிக்கு உள்ளே டெலிகேட்டுகளின் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் கட்சிக்குப் புதுத் தலைவர் வரவேண்டும்.

பத்தே நிமிடத்தில் வந்து இறங்கினான் டிடெக்டிவ் ஜஸ்வின். மலேசியத் தமிழன்.

"டெலிகேட் வரலேன்னா சீட் யாருக்கு?"

கிளைச் செயலாளர் அபர்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க கிளைத் தேர்தல்ல ரெண்டாவதா வந்தவங்கதான் மாற்று டெலிகேட், சார். ரதி அக்கா. இருபதுக்குப் பத்தொன்பது... ஒரே ஓட்டுல தோத்தாங்க, பாவம். கட்சிக்காகப் பதினோரு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கினவங்க."

"அவரோட பேட்ஜ்?"

"அக்கா ஒன்பது மணிக்கே வந்து வாங்கிட்டாங்களே... அண்ணன் வரமாட்டார்னு சொல்லி..."

ஒன்பது மணிக்கே!

அலறியதோ ஒன்பதரைக்கு!

ஜஸ்வின் ரதிதேவியிடம் திரும்பினான்.

"அக்கா, யாரு கார்ல வந்தீங்க?"

"அண்ணைதான்... ஏத்திக்கொண்டு வந்தவர்."

"கார் சீட்ல கிடக்கிற பிளாஸ்க்?"

"என்ர..."

"அடியில வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கு. என்னா அது?"

ரதிதேவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நித்திரைக் குளிசை... நாலு. பேர் கூப்பிட்டு முடியுமட்டும் படுக்கட்டும் எண்டுதான், தம்பி! எழும்பிட்டாரோ எண்டு பாக்க வந்தா... ஐயோ, அவருக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியாது!"

"ஹார்ட் பேஷண்டுக்குத் தூக்க மாத்திரையா! குடிக்கிறதுக்கு முன்னாடி அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"உள்ள போக முதல் ஒரு விஷயம் கதைக்கோணும் எண்டவர்... நான்தான், முதல்ல தேத்தண்ணியக் குடியுங்கோ எண்டனான்."

ஜஸ்வின் பிணத்தின் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். படித்தான். முகம் மாறியது.

"உங்களுக்குத்தான் எழுதியிருக்காரு. கேளுங்க."

'ரதி, போட்டியில நிக்கிற ரெண்டு பேரும் தங்களோட ஓட்டை எதிராளிக்குப் போடறது நம்ம கிளை வழக்கம். நீ எனக்குப் போட்டே. நான்... எனக்கே போட்டுக்கிட்டேன். வழக்கப்படி போட்டிருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே. மூணு வாரமா தூக்கம் வரல. நான் விலகிக்கிறேன். போய் உன் சீட்ல உட்காரும்மா. மன்னிச்சிரு.'

"அண்ணை!"

ரதிதேவி தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"ஒரு வார்த்தை கதைக்க விட்டிருக்கலாமே... நான் விட்டிருக்கலாமே!"

ஜஸ்வின் தாளை மடித்தான். பதினோரு வருடம் காத்திருந்தவள், இன்னும் ஒரே ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாதா?

அவள் சேலையில் குத்தியிருந்த பேட்ஜை அவன் மெதுவாகக் கழற்றினான். அவள் தடுக்கவில்லை.

பத்து மணி. நரேந்திரனின் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

உள்ளே மைக் கூப்பிட்டது. ஒரு முறை... இரண்டு முறை... மூன்றாவது முறைக்கு முன் வாசல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மவுண்ட் ரோஸ்கில் சீட்டுக்கு யாருமே இல்லையா?"

பேட்ஜை அவர் கையில் வைத்தான் ஜஸ்வின்.

"காலின்னு எழுதிக்குங்க லா. டெலிகேட் ஆம்புலன்ஸ்ல ஏறியாச்சு... மாற்று டெலிகேட் என் வண்டியில ஏறப்போறாங்க!"