வெளித் தாழ்ப்பாள்

இடது தோள்பட்டை இற்று விழுவதுபோல் வலித்தது. இரும்பு பீரோவையே மூன்று மாடி ஏற்றியவர்கள் நானும் மச்சானும். இது மரத்தில் செய்த மாதிரிக் கப்பல். கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்தாலும் ஒரு சிமெண்டு மூட்டை வராது. ஆனாலும் படிக்குப் படி கனத்தது.

“உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்களா மாப்ளே?” என்றான் மச்சான்.

வீட்டுக்காரர் படுக்கையறை மூலையைக் காட்டினார். இறக்கினோம். அவருடைய தாத்தா வைத்திருந்த நீராவி உல்லாசக் கப்பலின் அச்சு அசலான மாதிரி. விருந்துக் கூடத்தில் நகத்தளவு நாற்காலிகள். அடித்தட்டில் கொதிகலன் அறைக் கதவு. அதில் பித்தளைத் தாழ்ப்பாள், வெளிப்பக்கம்.

“வெளியில எதுக்கு சார் தாழ்ப்பா?”

“கரி அள்ளுறவன் பாதி வேலையில மேல ஏறி வந்துடக் கூடாதுல்ல. தீப்பிடிச்ச அன்னிக்கும் தாத்தா அதைத் திறக்க விடல. திறந்திருந்தா விருந்தாளிங்க கதி?”

“உள்ள இருந்தவங்க?”

“ஏழு பேரு. போனாங்க. அடுத்த மாசமே வேற ஏழு பேரோட கப்பல் ஓடுச்சு.”

என் அப்பனும் உலைக்குக் கரி அள்ளியவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கப்பலுக்குள் யாரோ தட்டினார்கள்.

“எலி,” என்றார். குனிந்து பார்த்தவர் முகம் மாறியது. “தாழ்ப்பாள் எங்க? இப்பதானே இருந்துச்சு?”

அவரைத் தேடவிட்டு நானும் மச்சானும் வெளியே வந்தோம். பின்னால் அறைக்கதவு தானே சாத்திக்கொண்டது. அதன் வெளிப்பக்கம், முழங்கை நீளத்துக்கு, ஒரு பித்தளைத் தாழ்ப்பாள்.

உள்ளே போகும்போது அது இல்லை.

கரிப்புகை நாறியது.

“திறங்கப்பா... சுடுது...” உள்ளேயிருந்து அவர் குரல்.

தாழ்ப்பாளைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மச்சான் கடப்பாரையால் நெம்பினான். அசையவில்லை.

அந்தப் பக்கம் பல கைகள் தட்டின.

பிறகு ஒரே ஒரு கை.

பிறகு அதுவும் இல்லை.

கதவு தானே திறந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் மரம். மெத்தை விரிப்பில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அவர் மட்டும் வெந்து கிடந்தார்.

காரியம் முடிந்ததும், கப்பலைத் தன் வீட்டுக்குத் தூக்கிவரச் சொன்னான் அவருடைய மகன்.

“வேணாம் தம்பி. கடல்ல போட்டுடுங்க,” என்றேன்.

“கூலி ஏத்திக் கேக்குறதுக்கு இப்படி ஒரு கதையா?” என்று சிரித்தான். வேறு ஆள் வைத்துக் கொண்டுபோனான்.

நேற்று அந்தத் தெருவழியே வந்தோம். அவன், மனைவி, நாலு பிள்ளைகள், எல்லோரும் உள்ளே. சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசல் கதவின் வெளிப்பக்கம் பளபளவென்று ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. சிரிப்பு நின்றது.

ஏழு பேர் கடனில் ஒன்றுதான் அடைந்திருக்கிறது. இன்னும் ஆறு உயிர் பாக்கி.