சாட்சிச்செடி

ஐம்பத்தாறு நாட்கள். நாளுக்குப் பதினான்கு மணி நேரம். மொத்தம் எழுநூற்று எண்பத்து நான்கு மணி நேர இருட்டு. அதன் கடைசி நிமிடமும் முடிந்து, காலை ஆறு மணிக்கு இருளறையின் மணி ஒலித்தது.

ஜெசிந்தா இரட்டைத் திரையை ஒதுக்கி உள்ளே போனாள். வெளிச்சம் பின்னாலேயே வந்தது. வெளியே குன்னூர் எப்போதும்போல் வெளுத்துக் கிடந்தது. விண்ணாடிகள் வானில் ஏறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவிலும் வெயிலைத் திருப்பி அனுப்பும் அந்தக் கண்ணாடிகளால் விளைச்சல் இரட்டித்தது. ஊருக்கு இரவு இல்லாமல் போனது.

பின்னாலேயே ஒளிநோய் வந்தது. ஓய்வில்லாத விழித்திரை மெல்ல மெல்லத் தேயும். மருந்து ஒன்றுதான்: இருட்டு. அதற்காக அரசு ஒதுக்கும் இருளறை வீடுகள் குறைவு, காத்திருப்போர் அதிகம். அறைக்குள் யாரும் விளக்குப் போடாமலிருக்க முதலில் கருவி வைத்தார்கள். ஜனங்கள் கருவியை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம்தான் யாருக்கோ பாயின்செட்டியாவின் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கிற செடி. நீண்ட, கலையாத இருட்டு தினமும் கிடைத்தால்தான் அதன் மேலிலைகள் பச்சையை விட்டுச் சிவக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் போச்சு. டிசம்பர் இருபத்து நான்காம் தேதி செடி சிவந்திருந்தால், அறை இன்னும் ஓராண்டுக்கு உங்களுடையது. பச்சையாக இருந்தால், வரிசையில் அடுத்தவருக்கு.

இன்று இருபத்து நான்கு.

அவள் தம்பியின் செடி பாதிதான் சிவந்திருந்தது. சுவர்ப் பக்கம் ரத்தச் சிவப்பு. கட்டில் பக்கம் வெறும் பச்சை. பத்து நாளாக அவள் அதை அவனிடம் சொல்லவில்லை.

"பூ எப்படிக்கா இருக்கு?" தியோடர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயது.

"பூ இல்லடா, இலை. எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க டீச்சர். இலை எப்படி இருக்கு?"

பதற்றத்தில் தொட்டியின் பச்சைப் பக்கத்தை அவனுக்கு எதிரே வைத்துவிட்டாள். அவன் விரலால் ஒரு இலையை வருடினான்.

"அடேயப்பா! என்னா செவப்பு! கிறிஸ்துமஸ் தாத்தா சட்டை தோத்துப்போகும்."

தன் மனம் நோகக்கூடாதென்று அளக்கிறான் என்று நினைத்தாள். அவன் கறுப்புக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குளியலறைக்குப் போனான். ஒளிநோய்க்காரர்கள் எல்லோரும் பகலில் அப்படித்தான் நடப்பார்கள்.

போன வாரம் வாசலில் நட்சத்திரம் கட்டும்போது, அதற்குள் வைக்கும் பேட்டரி பல்பைக் காணவில்லை. இரவில்லாத ஊரில் அது எரிந்தாலும் தெரியாது, ஆனாலும் வழக்கம். அது எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருட்டுக்குப் பயப்படுகிற தம்பியிடம் அதை எப்படிக் கேட்பது?

ஒன்பது மணிக்கு ஆய்வாளர் பொன்னுரங்கம் வந்தார். அவள் நீட்டிய கேக்கை வாங்கிக்கொள்ளவில்லை. தொட்டியை மெதுவாகச் சுற்றினார். பச்சை வந்ததும் நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் தினமும் வெளிச்சம் பட்டிருக்கும்மா. யார் போட்டது?"

அவள் கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கே தெரியும். நோயாளி போட்டா அறை போயிடும். அறைக்குக் காவலரா இருக்கிற நீங்க போட்டா, உங்களை மட்டும் மாத்துவோம். ஒரு வருஷம் நீங்க இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது."

"நான்தான் சார் போட்டேன்."

"எதுக்கு?"

"எட்டு மணிக்குக் கஞ்சி கொண்டு போவேன். இருட்டுல தடவித் தடவிக் குடுக்கணும். சிந்திடும்னு..."

"ஐம்பத்தாறு நாளுமா சிந்துச்சு?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "அடுத்து நிக்கிறது ஆறு வயசுப் பொண்ணு. அவங்கம்மா தினமும் எனக்குப் போன் பண்றாங்க. சரி, உங்க இஷ்டம். இங்க ரேகை வைங்க."

அவர் நீட்டிய பலகையை நோக்கி அவள் கட்டைவிரல் போனது.

"வைக்காதக்கா."

தியோடர் நிலைப்படியில் நின்றான். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கையில் நட்சத்திர பல்பு. அதை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"சார், இது எரியுதா?"

"எரியுதே! அணைப்பா, கண்ணுக்கு ஆகாது."

அவன் இமை அசையவில்லை.

"அக்கா, இந்தச் செடி பச்சையா?"

ஜெசிந்தா கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு இருட்டுன்னா ஒண்ணும் பயமில்லக்கா. தெரியுதான்னு பாக்கத்தான் தினமும் இதைப் போட்டேன். மொதல்ல மங்கலாத் தெரிஞ்சுது. அப்புறம் பேட்டரி தீந்துபோச்சுன்னு நெனச்சேன்." அவன் ஆய்வாளர் இருந்த பக்கம் திரும்பினான், முகம் கொஞ்சம் தள்ளி, சன்னலைப் பார்த்தது. "அறையை அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க சார். எனக்குக் கண்ணு தெரியல."