முயலுக்குக் கல் போட்டது யார்?

அந்த வீட்டில் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை யாரும் சத்தம் போடக் கூடாது. அம்மாவுக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு பேருந்து நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் பேசும் வேலை. பையைத் தொலைத்தவர்கள், பேருந்தைத் தவறவிட்டவர்கள், சும்மா திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் என்று எல்லாருக்கும் அம்மா ஒரே குரலில் பொறுமையாகப் பதில் சொல்வார். அது ஆபீஸ் குரல், நமக்கெல்லாம் கிடைக்காது என்று பெரியவளும் சின்னவளும் கிசுகிசுத்துக்கொள்வார்கள்.

அப்பா சாலை போடும் இடங்களில் ரோலர் ஓட்டுகிறார். ஒரு சாலை முடிந்தால் அடுத்த ஊர். ஒரே வருடத்தில் பெரியவள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். அதன் பிறகு, பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும், நான்கு பேரும் சேர்ந்து இருந்தால் போதும் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள்.

பெரியவளுக்குப் பதினோரு வயது. தன் பாடத்தைத் தானே படித்துவிடுவாள். சின்னவளுக்கு ஆறு வயது. அவள் படிக்கப் பழகுவதற்காக அம்மா டேப்லெட்டில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். ஆற்றங்கரையில் ஒரு முயல் நிற்கும். இயர்போனில் ஒரு சொல் கேட்கும். திரையில் மூன்று சொற்கள் வரும். சரியான சொல்லைத் தொட்டால் ஆற்றில் ஒரு கல் விழும். முயல் அதன்மேல் தாவும். பத்துக் கல் விழுந்தால் அக்கரை. ஐந்து ஆறு கடந்தால் அம்மாவுக்கு ஒரு சான்றிதழ் வரும்.

"தினமும் ஒரு ஆறு. நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்க. அவ முடிச்சதும் டேப்லெட் உனக்கு" என்றார் அம்மா பெரியவளிடம்.

பெரியவள் டேப்லெட்டில் படம் வரைவாள். ஒரு கப்பலையும் அதில் இருக்கும் எலிகளையும் வைத்துப் பெரிய படக்கதை ஒன்றைத் தொடங்கியிருந்தாள். எப்போது டேப்லெட் கைக்கு வரும் என்றே இருந்தாள்.

சின்னவளோ விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பாள். இது 'மழை'யா, 'மலை'யா? அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பெரியவளுக்குப் பாதி உயிர் போய்விடும். ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டியிருந்ததால் சொல் அவளுக்கும் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கையை நீட்டி அவளே தொட்டுவிட்டாள். கல் விழுந்தது. முயல் தாவியது. சின்னவள் சத்தம் வராமல் கை தட்டினாள்.

மறுநாள் மூன்று கற்கள். அடுத்த வாரம் பத்தும். அதற்குப் பிறகு சின்னவள் கையை மடியில் வைத்துக்கொண்டு முயலை மட்டும் பார்த்தாள்.

மூன்று மாதத்தில் பதினைந்து சான்றிதழ்கள் வந்தன. அம்மா அவற்றை அச்சடித்துச் சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டினார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சின்னவளின் பெருமையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பெரியவள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வீட்டில் படிக்கிற பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பது அவர் வேலை. அம்மா சான்றிதழ்களைக் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துச் சின்னவள் முன்னால் விரித்தார்.

சின்னவள் புத்தகத்தைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"இயர்போன் தாங்க."

"எதுக்கும்மா?"

"அதுலதானே என்ன வார்த்தைன்னு சொல்லுவாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. வேறொரு பக்கத்தைத் திருப்பினார். இன்னும் எளிதான பக்கம். சின்னவள் முதல் எழுத்தைச் சொன்னாள், அடுத்ததைத் தப்பாகச் சொன்னாள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி வருவதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றும் அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் என்றால் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே ஊரில். அப்பா வேறு ஊரில்.

கதவைச் சாத்திய அம்மா அங்கேயே நின்றார். "மூணு மாசமா என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தியா?" என்று சின்னவளைக் கேட்டார். அது ஆபீஸ் குரல் இல்லை. இவ்வளவு சோம்பேறியாக ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார்.

சின்னவள் ஒரே ஒரு தடவை அக்காவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

பெரியவளும் திறக்கவில்லை.

மறுநாள் காலை சின்னவளைக் காணோம். தேடிப் பார்த்தால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவளும் உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள்.

"ஏன் நீ அம்மாகிட்ட சொல்லலை?" என்று மெல்லக் கேட்டாள்.

"சொன்னா உன்னையும் திட்டுவாங்க" என்றாள் சின்னவள். "ஒருத்தரைத் திட்டினா போதாதா?"

அதைக் கேட்ட பிறகு பெரியவளால் அங்கே உட்கார முடியவில்லை. மணி பத்தரை. அம்மா யாருடைய தொலைந்த குடையைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும் வரை பக்கத்தில் போய் நின்றாள். அடுத்த அழைப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அம்மா ஹெட்செட்டைக் கழற்றினார். அழைப்பு மணி அடித்தது. எடுக்கவில்லை.

"நேத்து அவ்வளவு திட்டினேன். நீயும் பக்கத்துலதானே நின்னுக்கிட்டு இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவளுக்கு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

மதியம் அம்மா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். சுவரின் சுண்ணாம்பும் அங்கங்கே சேர்ந்து வந்தது. "நானும்தான் ஒரு நாள்கூட அவளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னதில்லை" என்று சுவரைப் பார்த்தே சொன்னார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து சின்னவளைக் கூப்பிட்டார். அவள் உடனே வரவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு சாலை வேலை நடக்கும் இடத்திலேயே தங்கிவிட்ட அப்பா போனில் கூப்பிட்டார். சின்னவளிடம் பேசினார். பெரியவளிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

என்ன செய்வது என்று பெரியவளே யோசித்தாள். விளையாட்டின் மேல் தப்பில்லை. முதல் ஆற்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் கடந்த ஆறுகள் எல்லாம் அழிந்துபோகும் என்றதும் சின்னவள் அழுதுவிட்டாள். "முயல் பாவம், அவ்வளவு தூரம் போயிடுச்சு" என்றாள். அழுது முடித்த பிறகு சின்னவளே பொத்தானை அழுத்தினாள்.

வீட்டுக்குள் சத்தம் போட முடியாதே. இருவரும் டேப்லெட்டோடு மாடிப்படிக்குப் போனார்கள். புதிய விதி ஒன்று போட்டாள் பெரியவள். மூன்று சொற்களையும் சின்னவள் வாய்விட்டுப் படித்த பிறகுதான் எதையும் தொடலாம். அக்கா எதையும் தொடக் கூடாது. பெரியவள் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கை மரத்துப் போகாதா?" என்று கேட்டாள் சின்னவள்.

"போகட்டும். நீ படி."

சில நாள் ஒரு ஆற்றைக் கடக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. மேல்வீட்டில் மர வேலை செய்ய வந்த தச்சர் ஏறும்போது முயல் நடு ஆற்றில் நிற்கும். அவர் வேலையை முடித்து இறங்கும்போதும் அங்கேயே நிற்கும். "இன்னும் நனைஞ்சுக்கிட்டுதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கப்பல் கதை அப்படியே நின்றுபோனது. எலிகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி வந்தார். அதே புத்தகத்தை விரித்தார். சின்னவள் இயர்போன் கேட்கவில்லை. ஆறு வரியில் நான்கு வரியைப் படித்தாள். ஐந்தாவது வரியில் 'குதிரை'யில் மாட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னவளால் அதைத் தாண்ட முடியவில்லை.

"நல்லா முன்னேறியிருக்கா. ஆனா வயசுக்கு இன்னும் பின்னாடிதான் இருக்கா" என்றார் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றும், தன்னால் வேறு மாதிரி எழுத முடியாது என்றும் வருத்தத்தோடு சொன்னார். அம்மா வாதாடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த மாதமே அப்பாவின் சாலை முடிந்தது. அடுத்த ஊர் வெகுதூரம். இந்தத் தடவை ஒரே ஒரு பெட்டிதான் கட்டினார்கள்.

பேருந்து நிலையத்தில் அப்பா சின்னவளைத் தூக்கிக் கொஞ்சினார். பெரியவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். அப்பா அவள் பக்கத்தில் வந்தார். "நீ ரொம்ப லேட்டா சொன்ன. அது எனக்கு இன்னும் ஆறலை" என்றார். பிறகு, "ஆனா சொல்லிட்ட" என்று அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை எடுக்கப்படும் வரை பெரியவள் அசையவில்லை.

பேருந்து புறப்பட்டது. அதன் பின்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. சின்னவள் அம்மாவின் கையை உதறிவிட்டு இரண்டடி முன்னால் போனாள்.

"இ... டை... வெ... ளி..."

அடுத்த சொல்லுக்கு வருவதற்குள் பேருந்து வாசலைத் தாண்டித் திரும்பத் தொடங்கியது.

"வி... ட... வும். இடைவெளி விடவும்!" என்று கத்திச் சொன்னாள். பேருந்து போய்விட்டது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது.

பெரியவள் அழுதுகொண்டிருந்தாள். சின்னவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா அக்கா. அப்பா திரும்பி வர்றதுக்குள்ள நான் வேகமா படிக்கப் பழகிடுவேன்."